மிஸ்ஸியிடம் கேளுங்கள்: பஞ்சியா, களைப்பா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. புற்றுநோய்க்கு மருந்தெல்லாம் முடிந்து, "இனிப் பயமில்லை" என்று டொக்டர் சொல்லி அனுப்பிய இளம் பிள்ளைகள் ஏன் இன்னும் எழும்ப மாட்டாமல் கிடக்கிறார்கள்? அதனால் வழக்கமான சளி, சிரங்கு, சீனி வருத்தம் எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். சிரங்குக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் டொக்டர் இல்லை. 31 வருடம் வன்னியில் தாதியாக வேலை செய்து ஓய்வெடுத்தவள். ஆனால் இந்த விஷயத்தில் பதில் எழுத எனக்கு வேறொரு தகுதியும் உண்டு. பெருமைப்படக்கூடிய தகுதி அல்ல அது. முதல் கடிதத்துக்குள் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. இரத்தப் புற்றுநோய். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து ஏற்றி, பிறகு குளிசை, ஊசி, கிளினிக் என்று எல்லாம் முடிய இரண்டரை வருடத்துக்கு மேல் போய்விட்டது. மருந்து நிறுத்தி இப்போது 7 மாதம். இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் பிள்ளை காலை 9 மணிக்கு எழும்பி, முகம் கழுவிச் சாப்பிட்டதும் திரும்பவும் பாயில் சரிகிறான். மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொன்னால் கட்டிவிட்டு வந்து ஒரு மணித்தியாலம் கிடக்கிறான். தகப்பன், "பங்கருக்குள்ள கஞ்சியைக் குடிச்சுக்கொண்டு உயிர் தப்பின சனம் நாங்கள், உனக்கு இப்ப என்ன குறை?" என்று ஏசுகிறார். நான் நடுவில் நின்று சாகிறேன். இது பஞ்சியா, வருத்தமா? பழைய வருத்தம் திரும்புகிறதா?
ஒரு தாய், மாங்குளம் பக்கம்

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்கள் மனதில் ஏறாது. களைப்பு மட்டும் தனியே இருந்தால் வருத்தம் திரும்பிவிட்டது என்று எடுக்கத் தேவையில்லை. சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இந்தக் களைப்பு நிற்கும். அது வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. ஆனால் களைப்போடு காய்ச்சல், அடிபடாமலே வரும் கண்டல், முரசில் இரத்தம், எலும்புக் குத்து, கழுத்திலோ கமக்கட்டிலோ கட்டி, உடுப்பு நனைகிற அளவுக்கு இரவு வியர்வை, காரணமில்லாத மெலிவு, இதில் ஒன்று சேர்ந்தாலும் கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள்.

இனிப் பஞ்சிக் கதைக்கு வருவோம்.

என் மகளுக்கு 19 வயதில் ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. கழுத்தில் கட்டி. ஆறு மாதம் மருந்து ஏற்றி, கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்து நாலு மாதம் இருக்கும். ஒரு நாள் காலை குளிக்கப் போனவள் அரை மணித்தியாலமாகியும் வரவில்லை. நான் குசினிக்குள் நின்று கத்துகிறேன்: "பஞ்சி பிடிச்சவளே, கிணத்தடியில தவமே செய்யிறாய்?" பதிலில்லை. போய்ப் பார்த்தால் கவிழ்த்த வாளிக்கு மேல் குந்திக்கொண்டிருக்கிறாள். கைகளில் போட்ட சவர்க்காரம் நுரை அடங்கி, வெயிலில் காய்ந்து, தோலில் வெள்ளையாகப் பொருக்கு விட்டிருக்கிறது. அள்ளுகிற வாளி பாதித் தண்ணீரோடு கிணற்றுக் கட்டில் நிற்கிறது. "அம்மா, மற்ற வாளி அள்ள ஏலாமல் கிடக்கு. உங்களைக் கூப்பிடவும் ஏலாமல் கிடந்தது" என்றாள். அழவில்லை. அழுவதற்கும் பலம் வேண்டும்தானே.

வாட்டில் எத்தனையோ பேரின் களைப்பைப் பார்த்து அறிக்கையில் எழுதிய கை இது. என் வீட்டுக் கிணற்றடியில் அதே களைப்பு வந்து குந்தியபோது அதற்குப் பஞ்சி என்று பெயர் வைத்தேன். நான் சொன்ன தகுதி இதுதான். (மகளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "வாளிக் கதையை மட்டும் எழுதுங்கோ, மற்றதுகளை விடுங்கோ" என்று கட்டளை.)

பஞ்சிக்கும் களைப்புக்கும் நான் அதற்குப் பிறகு வைத்திருக்கிற பரிசோதனை சின்னது. பஞ்சி பிடித்தவன் மாடு கட்ட மாட்டான், ஆனால் பெடியள் மட்டையும் பந்தும் கொண்டு படலையில் வந்து கூப்பிட்டால் பாய்ந்து போவான். உங்கள் மகன் போகிறானா? போக ஆசைப்பட்டும் போகாமல் கிடந்தால், அல்லது போய் நாலு பந்து போட்டுவிட்டு அடுத்த நாள் முழுக்கக் கிடந்தால், அது பஞ்சி இல்லை. நாங்கள் வயல் வேலை செய்து களைத்தால் ஒரு இரவு நித்திரையோடு தீர்ந்துவிடும். இந்தக் களைப்பு நித்திரையால் தீராது. செய்த வேலைக்கும் வருகிற களைப்புக்கும் கணக்கும் பொருந்தாது.

ஏன் இப்படி என்றால் ஒரு காரணம் இல்லை. இரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டீரொயிட் மருந்து கன காலம் கொடுப்பார்கள், அது தசையைக் கரைக்கும். கிடையாகக் கிடந்ததில் மிச்சத் தசையும் போகும். நித்திரை குழம்பும். உடம்புக்குள் அழற்சி சட்டென்று அடங்காது. அதற்கு மேல், மருந்து நடந்த காலம் முழுவதும் இறுக்கிப் பிடித்திருந்த மனம், எல்லாம் முடிந்தபிறகுதான் அவிழும். கரை சேர்ந்த பிறகு கால் நடுங்குவதுபோல.

ஆனால் "எல்லாருக்கும் வாறதுதானே" என்று விட்டுவிடவும் கூடாது. மருந்தால் திருத்தக்கூடிய காரணம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்த கிளினிக்கில் டொக்டர் கேட்கும்வரை இருக்காமல் நீங்களே சொல்லுங்கள். வெறுமனே "களைப்பா இருக்கிறான்" என்றால் அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள், வெளியே வாங்கில் அறுபது பேர் இருப்பார்கள். "மாடு கட்டினால் ஒரு மணித்தியாலம் படுக்கிறான், 7 மாதமாக இப்படி" என்று சொல்லுங்கள். இரத்தச் சோகை இருக்கிறதா, தைரொயிட் சரியாக வேலை செய்கிறதா, விற்றமின் குறைவு உண்டா என்று இரத்தத்தில் பார்க்கலாம். எழும்பும்போது தலைசுற்று, சத்தி, சாப்பாட்டில் மனமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். ஸ்டீரொயிட் எடுத்த உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரக்க மறந்து நிற்பதுண்டு. சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏற்றியிருப்பார்கள், டொக்சோரூபிசின் அல்லது டோனோரூபிசின். அது சிலருக்கு இதயத்தைப் பலவீனப்படுத்தும், வருடங்கள் கழித்துக்கூட. நடந்தால் மூச்சு வாங்குவது, நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது இருந்தால் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

என் மகளுக்கு கழுத்துக் கதிர்ச் சிகிச்சையால் தைரொயிட் மந்தமாகியிருந்தது. அதைக் கண்டுபிடித்தது சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு. அதுவரை நான் முருங்கையிலைச் சாறு பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். குளிசை தொடங்கியதும் களைப்பில் பாதி குறைந்தது. மற்றப் பாதிக்குக் குளிசை இல்லை, அதை வேறு விதமாகத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

அந்த வேறு விதத்தைத் தகப்பனுக்கு விளங்குகிற பாஷையில் சொல்கிறேன். இரணைமடு 36 அடி கொள்ளும் குளம். மழை பிழைத்த வருடம் சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைத்து என்ன செய்கிறார்கள்? குளத்தில் நிற்கிற தண்ணீரை அளந்து, இத்தனை ஏக்கருக்குத்தான் தண்ணீர், இதற்கு மேல் விதைக்கக் கூடாது என்று முடிவெடுக்கிறார்கள். எல்லாக் காணியையும் விதைத்துவிட்டுக் கதிர் வரும் நேரம் துரிசைப் பார்த்து அழுகிற வேலை இல்லை. உங்கள் மகனின் குளத்தில் இப்போது பத்தடி நிற்கிறது என்று வையுங்கள். அதைக் காலையில் எழும்பின கையோடு திறந்துவிட்டால் மத்தியானம் வற்றிவிடும். அதற்காகத் துரிசை இறுக்கிப் பூட்டிவிட்டுப் பாயில் கிடந்தாலும் பயிர் காயும்.

ஒரு பழைய கொப்பியில் இரண்டு கிழமைக்கு அவரே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். என்ன நேரம் என்ன செய்தேன், களைப்பு எத்தனை. சைபர் என்றால் களைப்பே இல்லை, பத்து என்றால் எழும்பவே ஏலாது. எந்த நேரம் உசார் என்று அதில் தெரிந்துவிடும். அந்த நேரத்தை அவருக்கு முக்கியமான ஒரு வேலைக்கு வையுங்கள். அது மாடு கட்டுவதாக இருக்க வேண்டுமென்று இல்லை. சிநேகிதனைப் பார்க்கப் போவதாகவும் இருக்கலாம். குந்தியிருந்து செய்யக்கூடியதை நின்று செய்ய வேண்டாம். என் மகளுக்காக ஒரு பிளாஸ்டிக் கதிரை கிணற்றடிக்குப் போனது, இரண்டு வாளித் தண்ணீர் முதலே அள்ளி வைத்தோம். குளித்த களை ஆறாமல் தலை சீவக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டோம். சின்ன விஷயம்தான், ஆனால் அந்தக் கதிரையால்தான் அவளால் பின்னேரம் புத்தகம் தொட முடிந்தது.

இனிச் சொல்லப்போவதை நம்பக் கஷ்டமாக இருக்கும். இந்தக் களைப்பைக் குறைக்கிறதில் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக நிரூபிக்கப்பட்டது உடற்பயிற்சி. படுக்கை அல்ல. "ஏலாத பிள்ளையை நடக்கச் சொல்லுறாள்" என்று என்னை ஏசாதீர்கள், டொக்டர் ஓம் சொன்ன பிறகு இப்படித் தொடங்குங்கள். முதல் கிழமை வீட்டு வாசலிலிருந்து படலை மட்டும், திரும்பி வாசல். அவ்வளவுதான். ஐந்து நிமிடம். கதைத்துக்கொண்டு நடக்கக்கூடிய வேகம். அடுத்த நாள் எழும்பும்போது வழமையைவிட மோசமாக இல்லையென்றால் அடுத்த கிழமை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூட்டுங்கள். மோசமாக இருந்தால் பழைய தூரத்துக்கு வாருங்கள், விட்டுவிடாதீர்கள். கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு 30 நிமிட நடை. அப்படி மூன்று மாதம் நடந்தால் வித்தியாசம் தெரியும். ஒரு கிழமையில் தெரியாது. தசைக்கு, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது, ஐந்து தரம். ஒரு லீற்றர்ப் போத்தலில் தண்ணீர் நிரப்பித் தூக்குவது. காய்ச்சல் நாளில் ஒன்றும் வேண்டாம்.

விடியப்புறம் நடப்பது உடம்புக்குச் சுகம் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். எழுதியவர்களின் ஊரில் யானை இல்லை. உங்கள் பக்கம் விடியப்புறம் றோட்டில் யானை நிற்கும் என்றால் பின்னேரம் நாலரைக்கு நடக்கட்டும். பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயிலில் இறங்கவே வேண்டாம். வன்னி வெயில் நல்ல உடம்பையே விழுத்தும்.

பகல் நித்திரை அரை மணித்தியாலம், மூன்று மணிக்கு முன்னம், அலாரம் வைத்து. ஒன்பது மணி எழும்புகையை மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டு வாருங்கள். எழும்புகிற நேரம் ஒவ்வொரு நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். இரவு ஃபோன் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஐயாவுக்கு. ஐயா, நீங்கள் பங்கரில் கிடந்தது பொய்யில்லை. 2009 இல் நானும் அங்கேதான் நின்றேன், தண்ணீர் இல்லாமல் காயம் கழுவினேன். அப்போது எங்களுக்குக் களைக்க நேரம் கிடைக்கவில்லை. அதனால் களைப்பு என்ற சொல்லுக்கே நாங்கள் மரியாதை கொடுப்பதில்லை. உங்கள் மகன் ஏறக்குறைய அந்த நேரத்துப் பிள்ளை. அவரும் இரண்டரை வருடம் ஒரு பங்கருக்குள் கிடந்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார். ஏசாமல், பின்னேரம் படலை மட்டும் அவரோடு நீங்கள் நடந்து பாருங்கள். கதைக்க ஒன்றும் இல்லாவிட்டால் மாட்டைப் பற்றிக் கதையுங்கள்.

கேள்வி: வயது 23. கட்டிக்கு மருந்து ஏற்றி முடிந்து 8 மாதம். அப்பாவோடு கடலுக்குப் போறனான். சில நாள் உசாராக இருக்கும், அண்டைக்கு எல்லாரையும்போல வலை இழுப்பேன், எஞ்சினும் தூக்குவேன். பிறகு மூன்று நாள் எழும்ப ஏலாது. கால் விரல் மரத்த மாதிரி. வீட்டில் என் உழைப்பும் வேணும். என்ன செய்யலாம்?
ஒரு தம்பி, முல்லைத்தீவு

தம்பி, அந்த உசார் நாள்தான் உம்மை விழுத்துகிற நாள். சுகமாக இருக்கிறது என்று விட்ட வேலையெல்லாம் ஒரே நாளில் பிடிக்கிறீர், பிறகு மூன்று நாள் கடனைக் கட்டுகிறீர். நாலு நாள் கணக்கைக் கூட்டிப் பாரும், ஒரு நாள் வேலைதான் வந்திருக்கும். ஒவ்வொரு நாளும் அரை நாள் வேலை செய்திருந்தால் இரண்டு நாள் வேலை. உசாரான நாளில் "இன்னும் கொஞ்சம் ஏலும்" என்று தோன்றும்போதே நிறுத்தப் பழக வேண்டும். 23 வயதில் அது வலை இழுப்பதைவிடக் கஷ்டம், தெரியும்.

கால் மரப்பதை முதலில் கிளினிக்கில் சொல்லும். சில மருந்துகள் நரம்பைத் தாக்கும், காலில்தான் முதலில் தெரியும். நாளாக நாளாகக் குறைவதுண்டு, ஆனால் இப்போது ஈரப் படகில் கால் எங்கே வைக்கிறீர் என்று கால் உமக்குச் சொல்லாது. தலைசுற்றும் சேர்ந்தால் கடலில் அது விளையாட்டு இல்லை. கொஞ்ச மாதத்துக்குக் கரையோடு நில்லும். கிழிந்த வலை திருத்துகிறது, மீன் தெரிகிறது, நிறுத்துக் கணக்கு எழுதுகிறது, எல்லாம் வேலைதான். கரையில் நின்று கணக்குப் பார்க்கிற ஆளுக்கு எவ்வளவு வேலை என்று அப்பாவைக் கேட்டுப் பாரும். நடையையும் தசைப் பயிற்சியையும் மேலே மாங்குளத்துத் தாய்க்கு எழுதியதுபோல் தொடங்கும். கடல் மணலில் நடப்பது றோட்டில் நடப்பதைப்போல இரண்டு மடங்கு களைக்கும், அதனால் முதலில் றோட்டு.

இன்னொன்று. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற நாளை வேலை நாளாகக் கணக்கு வையும். விடியக் கிளம்பி, புதுக்குடியிருப்பு, பரந்தன் என்று யாழ்ப்பாணம் போய், அங்கே பஸ் மாறி, வரிசையில் குந்தியிருந்து, திரும்பி வீடு வர இருட்டிவிடும். அதுக்கு அடுத்த நாள் கடலுக்குப் போகிறதாக ஒருவருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

கடிதத்தின் கடைசி வரியை நான் இங்கே போடவில்லை, ஆனால் வாசித்தேன். களைப்போடு எதிலும் மனமில்லை, இருந்து என்ன பயன் என்று வந்தால் அது களைப்பின் கணக்கில் சேராது, அதற்குத் தனி வைத்தியம் உண்டு, குணமாகும். பக்கத்து ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போம். இரவில் தாங்க ஏலாமல் வந்தால் 1926 க்கு அடியும், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது. அம்மாவிடமும் சொல்லும். அவவுக்கு ஏற்கெனவே தெரியும்.

கேள்வி: மகள் கீமோ முடித்து 5 மாதம். களைப்புக்கு இரும்புச் சத்து ரொனிக், சக்தி தரும் குளிர்பானம், ஒரு நாட்டு வைத்தியரின் லேகியம் மூன்றும் கொடுக்கிறோம். இன்னும் ஏதாவது சேர்க்கலாமா?
ஒரு தகப்பன், விசுவமடு

சேர்க்க வேண்டாம், கழியுங்கள். இரும்பு மருந்தை இரத்தம் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. உங்கள் மகளுக்குச் சிகிச்சைக் காலத்தில் எத்தனை பைன்ற் இரத்தம் ஏற்றினார்கள்? இரத்தம் நிறைய ஏற்றியவர்களின் உடம்பில் இரும்பு ஏற்கெனவே கூடிக் கிடக்கலாம், அதற்கு மேல் ஊற்றினால் ஈரலுக்கும் இதயத்துக்கும் கேடு. அந்தக் குளிர்பானம் சீனியும் கஃபீனும். நாளைய பலத்தை இன்றைக்கு வட்டிக்கு வாங்கித் தருகிறது, இரவு நித்திரையையும் கெடுக்கிறது. லேகியத்தைப் போத்தலோடு கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஏசுவார்கள் என்று ஒளிக்காதீர்கள். என்ன சேர்த்திருக்கிறது என்று தெரியாத மருந்து ஈரலில் என்ன செய்யும் என்று எவராலும் சொல்ல முடியாது.

முட்டை, சின்ன மீன், பருப்பு, கௌபி, உழுந்து, கீரை, மோர். மூன்று நேரம் நிறையச் சாப்பிட ஏலாவிட்டால் ஆறு நேரம் கொஞ்சம் கொஞ்சமாக. ரொனிக் காசில் முட்டை வாங்கலாம்.

கேள்வி: என் வகுப்பில், சாதாரண தரம் எடுக்க இருக்கும் மாணவி ஒருவர் சிகிச்சை முடித்துத் திரும்பி வந்திருக்கிறார். முன்பு கெட்டிக்காரி. இப்போது மூன்றாம் பாடத்தோடு மேசையில் தலை வைத்து விடுகிறார், படித்ததும் மறக்கிறது என்கிறார். சலுகை கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் குறை சொல்வார்கள். எப்படி நடத்துவது?
ஒரு ஆசிரியை, கிளிநொச்சி

ரீச்சர், நீங்கள் எழுதிக் கேட்டதே பெரிய விஷயம். என் மகள் திரும்பிப் போன இடத்தில், காலைப் பிரார்த்தனைக்கு வெயிலில் நின்று மயங்கி விழுந்த பிறகுதான் அவளை இருக்க விட்டார்கள். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம்.

ஆகவே முதலாவது, காலைக் கூட்டத்துக்கு அந்தப் பிள்ளை வகுப்பிலேயே இருக்கட்டும். இரண்டாவது புத்தகப் பை. பாடநூல் இன்னொரு தொகுதி பள்ளிக்கூடத்தில் தேடி எடுத்து வகுப்பு அலுமாரியில் வைத்துவிட்டால் அவர் ஒரு கொப்பியோடு வந்து போகலாம். மூன்று நாலு கிலோவைத் தோளில் கொழுவிக்கொண்டு சைக்கிள் மிதிப்பதிலேயே, மேலே சொன்ன குளக் கணக்கில், அவரது காலை நேரத் தண்ணீர் முழுக்கப் போகிறது. கணக்கும் விஞ்ஞானமும் அவர் உசாராக இருக்கும் நேரத்தில் வருகிறதா என்று நேரசூசியைப் பாருங்கள். முதலில் மூன்று பாடம் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு மாதம் கழித்து நாலு. முழு நாள் வரச் சொல்லி, கிழமையில் மூன்று நாள் வராமல் விடுவதைவிட அது நல்லது.

மறதி அவர் சாட்டுச் சொல்வது அல்ல. மருந்தும் களைப்பும் சேர்ந்து கவனத்தையும் ஞாபகத்தையும் மந்தமாக்கும். படித்தது அழிந்துபோகவில்லை, எடுக்க நேரம் பிடிக்கிறது. இருபது நிமிடம் படித்து, ஐந்து நிமிடம் விட்டு, பிறகு இருபது நிமிடம். கரும்பலகையில் எழுதுவதை ஒரு தோழி கார்பன் தாள் வைத்து எழுதிக் கொடுக்கலாம், அல்லது நீங்கள் ஃபோனில் படம் எடுத்துத் தாய்க்கு அனுப்பலாம். பத்துக் கணக்குக் கொடுத்தால் அவருக்கு ஐந்து. அந்த ஐந்தும் எந்த ஐந்து என்று நீங்கள் தெரிந்து கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. பரீட்சைக்கு மேலதிக நேரம் தேவைப்பட்டால் மருத்துவச் சான்றிதழோடு அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அனுமதி அட்டை வந்த பிறகு ஓடித் திரிய வேண்டாம்.

மற்றப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று அந்த மாணவியையே தனியாகக் கேளுங்கள். சிலர் எல்லாருக்கும் சொல்லிவிடச் சொல்வார்கள், சிலருக்கு ஒரு சொல் வெளியே போகக் கூடாது. பிள்ளைகள் குறை சொல்வார்கள் என்பது பெரும்பாலும் எங்கள் பயம்தான் ரீச்சர். கால் முறிந்து பத்துப் போட்டவனைப் பார்த்து ஒருவரும் பொறாமைப்படுவதில்லை. இந்தக் களைப்புக்கு மேலே பத்துப் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

கேள்வி: எனக்கு 20 வயது. சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம். இப்போது நடக்கிறேன், தையல் வகுப்புக்கும் போகிறேன், களைப்பு குறைவு. ஆனால் பின்னேரங்களில் பார்க்க வருகிற சனம் போக மாட்டாதாம். "இன்னும் களைப்போ? எங்கட மச்சாளின்ர பிள்ளை மூன்று மாதத்தில எழும்பிட்டுது" என்று கதை. எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றி, விளக்கம் சொல்லி, அதிலேயே விழுந்து போகிறேன். இதற்கு மருந்து உண்டா?
ஒரு பிள்ளை, ஒட்டுசுட்டான்

உண்டு. முதலாவது, பிளேன்ரீயை நீர் ஊற்ற வேண்டாம். வருத்தம் பார்க்க வந்த வீட்டில் வருத்தக்காரியே தேத்தண்ணீர் ஊற்றுகிற வழக்கத்தை யார் தொடங்கி வைத்தது? அம்மா ஊற்றட்டும், அல்லது ஒருவரும் ஊற்ற வேண்டாம். பிளேன்ரீ இல்லாத வீட்டில் விருந்தாளி அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்பது குறைவு, 31 வருடம் பார்வையாளர் நேரம் பார்த்தவள் சொல்கிறேன்.

விளக்கம் ஒன்றே ஒன்று வைத்திரும்: "ஓம் அன்ரி, களைப்பு இருக்கு, டொக்டருக்குத் தெரியும், குறைஞ்சுகொண்டு வருது." இவ்வளவுதான். இரண்டாம் தரம் கேட்டால் அதையே சொல்லும், ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். மச்சாளின் பிள்ளை கெதியாக எழும்பினது சந்தோஷம் என்றும் சொல்லலாம், அது உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆளுக்கு ஆள் வருத்தமும் வேறு, ஏற்றின மருந்தும் வேறு.

அதற்கு மேலும் போக மாட்டார்கள் என்றால் உம்முடைய வீட்டுக்குப் பின்கதவு ஒன்று இருக்கும்தானே. கிணற்றடியில் ஒரு கதிரை போட்டு வையும்.